வெயிலுக்குக் கட்டிய வீட்டில் மார்கழி: ஒரு நிகழ்வு ஆய்வு

கானாடுகாத்தானிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஓர் ஊர். குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயரையும் அவர்கள் விலாசத்தையும் விட்டுவிடுகிறேன். தெருவுக்குத் தெரு ஓடும் நகரத்தார் வீடு. முகப்பு மேற்கே பார்த்தது, பின்வாசல் கிழக்கே அடுத்த தெருவில் திறக்கும். திண்ணை, பட்டாலை என்கிற முன்கூடம், நடுவில் திறந்த முற்றத்தோடு வளவு, சாப்பாட்டுக்கும் சாமானுக்கும் இரண்டாம் கட்டு, அதன் பின்னால் அடுப்படி, கிணறு, குளியலறை. பர்மாவிலிருந்து தேக்கும் பணமும் வந்துகொண்டிருந்த காலத்தில் கட்டியது. ஏழெட்டுப் பங்காளிகளுக்குப் பாத்தியப்பட்டது. ஆனால் வருஷம் பூராவும் இருப்பவர்கள் இரண்டே பேர்: எண்பதை நெருங்கும் ஆச்சி, அவருக்குத் துணையாக அதே ஊர் அம்மா ஒருவர்.

பழைய வீடுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். வழக்கமாக ஓடு மாற்றவும், கரையான் தின்ற உத்தரத்துக்கு முட்டுக் கொடுக்கவும்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை சிங்கப்பூரிலிருந்து மகன் சொன்னது வேறு: "ஆத்தாவுக்கு ராத்திரியில குளிருது. போன வருஷம் ரூம் ஹீட்டர் வாங்கிக் கொடுத்தேன், பிரயோஜனம் இல்லை. பிள்ளையார் நோன்புக்குப் பிள்ளைகளோட வர்றோம். அதுக்குள்ள ஏதாவது செய்ய முடியுமா?"

செட்டிநாட்டில் குளிரா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மார்கழி விடியலில் இந்தப் பக்கம் 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும். ஊட்டிக்காரருக்கு அது கோடைகாலம். ஆனால் சித்திரையில் 40 டிகிரிக்குப் பழகிய உடம்புக்கு, அதுவும் முட்டி தேய்ந்த முதிய உடம்புக்கு, 20 டிகிரியும் வாடைக்காற்றும் ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரமும் சேர்ந்தால் போதும். மழை விட்ட பிறகும் இந்த வீடுகள் சில வாரம் ஈரத்தை இறக்காமல் வைத்திருக்கும்.

அந்த ஹீட்டரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2000 வாட். ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட். அதை வைத்திருந்தது வளவுப் பத்தியில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், ஒரு பக்கம் வானம் பார்த்த இடத்தில். அது கக்கிய சூடெல்லாம் நேரே மேலே போய் ஓட்டைத் தடவிவிட்டு முற்றத்து வழியாக வெளியேறியிருக்கிறது. போதாததற்கு 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். செருகியிருந்தது பழைய 5 ஆம்பியர் பிளக்கில். பிளக் முகம் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. தீப்பிடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம். அதை எடுத்துப் பரணில் போடச் சொன்னதுதான் இந்த வீட்டில் நான் செய்த முதல் வேலை.

கட்டில் கிடந்த இடம்

ஆச்சி படுத்திருந்தது வளவின் தெற்குப் பத்தியில், முற்றத்தை ஒட்டிய தூணுக்குப் பக்கத்தில், நாடாக் கட்டிலில். "இங்கதான் தம்பி காத்து வரும்" என்றார். உண்மைதான். பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் அந்த வீட்டில் அதைவிடச் சுகமான இடம் கிடையாது. முகப்பு வாசலும் பின்வாசலும் ஒரே நேர்கோட்டில். நடுவில் முற்றம் வெந்த காற்றை மேலே விடும். அதை ஈடுகட்ட வாசல்கள் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். கோடைக்கு என்றே போட்ட கணக்கு அது.

அதே கணக்கு மார்கழியில் திரும்பிவிடுகிறது. மேகமில்லாத இரவில் கூரை ஓடும் முற்றத்துத் தளமும் வானத்தைப் பார்த்தே சூட்டை இழந்து குளிர்ந்துபோகும். குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம். அது ஓட்டுச் சரிவில் வழிந்து முற்றத்தில் இறங்கி, தாழ்வாக இருக்கிற இடத்தில் தேங்கும். தேங்கி நிற்கும் இடத்துக்கு மூன்றடி தள்ளி ஆச்சியின் கட்டில். அதுவும் நாடாக் கட்டில்; கீழே இருந்து காற்று தாராளமாக ஏறும். மேலே இரண்டு போர்வை போர்த்தியும் முதுகு சில்லிட்டுக் கிடந்ததற்குக் காரணம் இதுதான்.

பக்கத்திலேயே இரட்டை அறையின் கதவு பூட்டிக் கிடந்தது. ஒரு வெப்பமானியை உள்ளே வைத்தேன், இன்னொன்றைக் கட்டில் தலைமாட்டில். விடியலில் பத்தியில் 22, பூட்டிய அறைக்குள் 25. ஆள் இல்லை, விளக்கு இல்லை, ஹீட்டர் இல்லை. சும்மா கிடந்த அறை மூன்று டிகிரி கூடுதலாக இருக்கிறது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. இரண்டடிக் கனத்தில் செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிற சுவர் பகலும் இரவும் சேர்ந்த சராசரியில்தான் இருக்கும். வெளியே 28க்கும் 21க்கும் ஏறி இறங்கினாலும் சுவர் அசைந்து கொடுக்காது. சித்திரை மத்தியானத்தில் அதைக் குளுமை என்கிறோம். மார்கழி விடியலில் அதே சுவர் கதகதப்பு. 'இந்த வீட்டுச் சுவர் குளிரை இழுத்து வைத்துக்கொள்ளும்' என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நனையாத சுவராக இருந்தால் அது வீண்பழி.

ஆக, கேள்வி மாறிவிட்டது. இவ்வளவு பெரிய வீட்டை எப்படிச் சூடாக்குவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. பதினைந்தடி உயரக் கூரையும் திறந்த முற்றமும் உள்ள வீட்டைச் சூடாக்க எந்தச் செட்டியாராலும் முடியாது. இருக்கிற கதகதப்பான மூலை எது, அங்கே ஆளைக் கொண்டுபோக என்ன தடை, அதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

சாமான் அறை

தடை சாமான்தான். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் உள்ளறை, வெளியறை என்று ஒன்றுக்குள் ஒன்றாக ஒதுக்கிய அறைகள் இவை. காலப்போக்கில் எல்லா வீட்டிலும் இவை சாமான் அறைகளாகிவிட்டன. ஆச்சியின் பங்கு அறையைத் திறந்தபோது கதவு பாதிதான் திறந்தது. பின்னால் பித்தளை அண்டா.

அதைக் காலி செய்ததுதான் இந்த வேலையிலேயே அதிக நேரம் பிடித்தது. ஆச்சி ஒரு முக்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு பாத்திரத்தையும் திருப்பிக் காட்ட வேண்டும். விளிம்பில் கொத்தியிருக்கும் விலாசத்தை, அதாவது குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளைப் பார்த்து, "இது எங்க ஆத்தா வச்ச சாமான், அந்தப் பக்கம்", "இது இவுக வீட்டுச் சாமான், இந்தப் பக்கம்" என்று பிரிப்பார். எனாமல் கிண்ணங்கள் அடுக்கு அடுக்காக வந்தன, நீல விளிம்பும் பச்சை விளிம்புமாக, ஒன்றிரண்டு மட்டும் பல் தெறித்து. ஒரு பெட்டியில் வைக்கோல் சுற்றியபடியே கண்ணாடி விளக்குக் கூண்டுகள். "பிள்ளைக எடுத்துக்கிட்டுப் போகட்டும்னுதான் வச்சிருக்கேன். யாரு எடுக்குறாக?" என்றார். மகளுடைய சீர் சாமானை மட்டும் மகள் வராமல் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அது சரிதான். அந்தச் சுவரோரத்தை அப்படியே விட்டுவிட்டு, மற்றதை மேல் மாடியில் ஏற்றினோம்.

பித்தளையில் கொஞ்சத்தைத் துலக்கி அதே அறையின் மேல் தட்டில் அடுக்கச் சொன்னேன். வீட்டுக்காரர்களுக்கு இது வேண்டாத வேலையாகப் பட்டது. ராத்திரி விளக்கொளி அதில் பட்டதும் அபிப்பிராயம் மாறியது. அழகுக்கு என்று கடையில் தனியாக எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

முழங்கால் உயரத்து ஈரம்

அறை காலியானதும் ஈரம் கண்ணில் பட்டது. உள்சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுத்துப்போன பட்டை. தடவினால் உப்புப் பூத்து மாவாக உதிர்ந்தது. சில வருஷங்களுக்கு முன் யாரோ கொத்தனாரை வைத்து அடிச்சுவரில் பழைய பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசி, மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். 'ஈரம் வராமல் இருக்க.' செட்டிநாட்டில் பாதி வீடுகள் கெட்டது இப்படித்தான்.

சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரத்தை அது வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடும். ஈரத்துக்கோ எங்கேயாவது போயாக வேண்டும்; சிமெண்டு முடிகிற இடம் வரை ஏறி அங்கே வெளிவரும். நனைந்த சுவர் காயும்போது சூட்டை உறிஞ்சிக்கொண்டுதான் காயும். வேர்வை காய்ந்தால் உடம்பு குளிர்வதுபோல. அந்தச் சுவரோரம் படுத்தால் காற்று 25 டிகிரியாக இருந்தாலும் குளிரும், ஏனென்றால் உடம்பு உணர்வது காற்றின் சூட்டை மட்டும் அல்ல. சுற்றியிருக்கும் சுவர், தரை, கூரையின் சூட்டையும்தான். காற்றும் சுவரும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி.

ஈரம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் முற்றத்துத் தூம்புக்குப் போய்ச் சேர்ந்தது. நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து, மூலையில் உள்ள தூம்பு வழியாக வெளியே போக வேண்டும். அதில் உடைந்த ஓடும் வேப்ப இலையும் சேர்ந்து அடைப்பு. மழைக்கு மழை தண்ணீர் தேங்கி அஸ்திவாரத்தில் ஊறியிருக்கிறது. அரை நாள் வேலை. மூங்கில் கழியும் இரண்டு ஆட்களும் போதுமானதாக இருந்தது.

சுவர் விஷயத்தில் நான் அவசரப்படவில்லை. சிமெண்டுப் பட்டையைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லை அப்படியே திறந்து விடச் சொன்னேன். பார்க்க அசிங்கமாக இருக்கும். மகன் வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு, "நோன்புக்குள்ள பூசிடலாமே" என்றார். மார்கழியில் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூசுவதாகும். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி வாங்கிக் கல்லாக மாற அதற்குக் காலம் வேண்டும். தை கழிந்து சுவர் உலர்ந்தபின், பங்குனி வெயில் உறைக்கும் முன் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புச் சாந்து பூசுவதாகப் பேச்சு. அதுவரைக்கும் கட்டிலை அந்தச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டோம். நடுவில் ஒரு கோரைப்பாயைச் சுருள் பிரித்துச் சாத்தி வைத்தோம். செங்கல்லும் மறைந்தது, தோளில் படும் சில்லிப்பும் நின்றது.

தரைக்கும் வாசலுக்கும்

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி யாரும் குறை சொல்ல விடமாட்டார்கள் இந்தப் பக்கத்தில். நானும் சொல்லவில்லை. கண்ணாடி மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கும் கல் அது. கோடையில் வெறும் உடம்போடு அதன் மேல் படுத்தால் தனிச் சுகம். மார்கழியில் வெறுங்காலை வைத்தால் மண்டை வரைக்கும் ஏறும். கல்லும் அதன் மேல் கிடக்கும் மரப்பலகையும் ஒரே சூட்டில்தான் இருக்கும். ஆனால் கல் காலிலிருந்து சூட்டை வேகமாக இழுக்கும், பலகை இழுக்காது. வித்தியாசம் அவ்வளவுதான்.

மருமகள் அனுப்பிய படத்தில் அறை முழுக்க ஒட்டும் மெத்தென்ற ரப்பர் விரிப்பு இருந்தது. வேண்டாம் என்றேன். கல்லுக்கு அடியிலிருந்து ஏறும் ஈரம் ரப்பருக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். கல்லில் கறை விழும், பூஞ்சை நாற்றம் வரும். கனத்த கம்பளிக் கார்பெட்டும் இங்கத்திய மழைக்காலத்துக்கு ஆகாது. கீழே கோரைப்பாய், அதன் மேல் பவானி ஜமுக்காளம். காலையில் எழுந்ததும் இரண்டையும் உதறி முற்றத்துக் கொடியில் போட்டுவிட வேண்டும். கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்கும் இடத்தில் மட்டும் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டோம். ஆச்சி விடியலில் முதலில் காலை ஊன்றுவது அங்கேதான். பணம் ஒன்றும் ஆகவில்லை. இந்த வேலை முழுவதிலும் அவருக்கு மிகவும் பிடித்தது அந்த மடிப்புதான்.

கட்டிலில் நாடாவின் மேல் இன்னொரு ஜமுக்காளம், அதன் மேல் வெயிலில் காயப்போட்டு அடித்த இலவம்பஞ்சு மெத்தை. பஞ்சு காய்ந்து உப்பியிருந்தால்தான் காற்றைப் பிடித்து வைக்கும். ஈரம் கோத்துக் கட்டிதட்டிய மெத்தை எவ்வளவு தடியாக இருந்தாலும் உதவாது. போர்வையும் அப்படித்தான். கனமான ஒன்றைவிட மெல்லிய இரண்டு மேல்.

வாடைக்கு, பட்டாலையிலிருந்து வளவுக்கு வரும் நடையில் திரை போட்டோம். புதுத் துணி வாங்கவில்லை. ஆச்சியின் பெட்டியில் உடுத்தாத பழைய கண்டாங்கிகள் இருந்தன, கட்டம் போட்ட முரட்டுப் பருத்தி. இரண்டு இரண்டாக ஒட்டித் தைத்து, அடியில் மணல் அடைத்த குழல் ஒன்றையும் தைத்துவிட்டால் காற்றுக்குத் தூக்காது. கம்பி அடிக்கச் சுவரில் ஆணி போடத்தான் ஆட்கள் முதலில் கை ஓங்கினார்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர். ஒரு ஆணி இறங்கினால் சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வரும். அதைத் திருப்பிப் பூசத் தெரிந்த கை இன்று எண்ணிக்கையில் குறைவு. நிலைக்காலுக்கு நிலைக்கால் முட்டுக் கொடுத்து நிற்கும் கழி ஒன்று செய்து அதில் திரையைக் கோத்தோம்.

அறை வாசலுக்கு முன் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கிடைத்த ஒரு பழைய மரத்தட்டி, மூன்றாக மடிவது. எந்த வீட்டிலிருந்தோ பெயர்த்து வந்ததுதான். அந்தக் கடைகளில் தூணும் நிலையுமாக அடுக்கியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் சங்கடம். ஆனால் திரும்பவும் ஒரு வளவுக்கே வந்து சேர்ந்ததில் தப்பில்லை என்று தேற்றிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் அடைத்துவிடக்கூடாது. உத்தரத்துக்குக் கீழே உள்ள காற்றுத் துளைகளைத் திறந்தே வைத்தோம். ஆள் விடும் மூச்சில் ஈரம் இருக்கிறது. அது வெளியேறாவிட்டால் சுவரில்தான் படியும்.

நெருப்பு வேண்டும் என்றார்கள்

வந்து இறங்கியதுமே மகனும் மருமகளும் கேட்டது கணப்பு. அறைக்குள் ஓர் இரும்புச் சட்டியில் கரி போட்டு, குழந்தைகள் சுற்றி உட்கார்ந்தால் நன்றாக இருக்குமே என்று. ஆச்சியும் சேர்ந்துகொண்டார்: "அந்தக் காலத்துல பிள்ளை பெத்த அறையில கங்குச் சட்டி வைப்பாக தம்பி. எங்களுக்கெல்லாம் வச்சிருக்காக."

இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மூடிய அறையில் தூங்குகிறவருக்குத் தெரியாமலேயே ஆளை முடித்துவிடும். புகை இல்லாமல் கனிந்த கங்குதானே, ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு. புகையே இல்லாத கங்கிலிருந்தும் அது வரும். அந்தக் காலத்தில் ஒன்றும் ஆகவில்லை என்றால், தட்டோட்டுச் சந்துகளும் கதவிடுக்குகளும் திறந்து கிடந்ததும், பக்கத்தில் யாராவது விழித்திருந்ததும்தான் காரணம்.

கணப்பு முற்றத்துக்குப் போனது. திறந்த வானத்தின் கீழ், தூண்களிலிருந்து தள்ளி, மணல் பரப்பிய தட்டின் மேல். சாயங்காலம் ஒரு மணி நேரம். படுக்கப் போகும்முன் தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். குழந்தைகள் அதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டார்கள்.

அறைக்குள் சூடு தருவது ஆட்கள்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரிடமிருந்து ஏறக்குறைய 100 வாட் சூடு வெளிவருகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றுக்குச் சமம். பத்தடிக்குப் பத்தடி அறையில் நாலு பேர் கதை பேசிக்கொண்டிருந்தால் 400 வாட், பிளக் தேவையில்லை. அதே நாலு பேர் பட்டாலையில் உட்கார்ந்தால் அந்தச் சூடு எங்கே போயிற்று என்றே தெரியாது.

ஆச்சியின் காலுக்கு வெந்நீர்ப் பை. இதிலும் கவனம் தேவைப்பட்டது: அவருக்குச் சர்க்கரை உண்டு, பாதத்தில் உணர்ச்சி குறைவு. கொதிக்கும் தண்ணீரை ஊற்றக்கூடாது. கைபொறுக்கும் சூடு, அதற்கு மேல் கெட்டித் துணியுறை. தூங்கப் போகும் அரைமணி முன்பு மெத்தையில் வைத்துவிட்டு, அவர் படுக்கும்போது எடுத்துவிடுவார்கள். சூடான படுக்கையில் நுழைவதுதான் முக்கியம். அதற்குமேல் உடம்பே பார்த்துக்கொள்ளும்.

விளக்கும் வெயிலும்

பட்டாலை, வளவு, அறை எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வெள்ளை எல்இடி பட்டைகள், 6500 கெல்வின். மெருகேறிய வெள்ளைச் சுவரில் அந்த வெளிச்சம் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருந்தது. கரண்டு மிச்சம் என்று மாட்டியிருக்கிறார்கள். மஞ்சள் பல்பிலும் அதே மிச்சம்தான் என்று யாரும் சொல்லவில்லை போலும். அறையிலும் அதன் முன் பத்தியிலும் 2700 கெல்வின் மஞ்சள் பல்பு போட்டோம். உத்தரத்தில் இருந்ததை அணைத்து வைத்துவிட்டு, பெட்டியில் கிடந்த கண்ணாடிக் கூண்டுகளில் இரண்டைக் கழுவி, உட்கார்ந்தால் தோள் உயரத்துக்கு வருகிற மாதிரி வைத்தோம். மெருகேறிய பழைய சுவர் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பும். 5 வாட் பல்பு ஒன்று அறைக்குப் போதும். ஆனால் ஆச்சி எழுந்து நடக்கும் பாதையில் மட்டும் பிரகாசமாகவே வைத்தோம். மங்கிய வெளிச்சம் அழகுதான், இடுப்பெலும்பு அதைவிட முக்கியம்.

பகலுக்கு வெயில் இருக்கிறது. இங்கே பலர் கவனிக்காத ஒன்று: நம் ஊர் பூமத்திய ரேகைக்கு 10 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஆனியில் உச்சிச் சூரியன் தலைக்கு மேலே சற்று வடக்கே போகும். மார்கழியிலோ தெற்கே சாய்ந்து, உச்சிப்பொழுதிலும் 56, 57 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதனால் மார்கழியில் முற்றத்து வெயில் வடக்குப் பத்தியின் மேல் விழும். அதே பத்திக்குப் பின்னால் வடக்குச் சுவர், வாடையைத் தடுத்துக்கொண்டு. முகத்துக்கு வெயில், முதுகுக்குச் சுவர். ஆச்சியோ இத்தனை காலமும் பகலில்கூட தெற்குப் பத்தியில்தான், நிழலில்.

பிரம்பு நாற்காலியை எதிர்ப்பக்கம் போட்டோம். கறுத்த தூண்களுக்கு நடுவே பத்து மணிக்கு மேல் வெயில் உள்ளே வந்து, மத்தியானம் வரைக்கும் நகர்ந்துகொண்டே இருந்தது. சுக்குமல்லிக் காப்பி, பேப்பர், கீரை ஆய்வது எல்லாம் அங்கே மாறிவிட்டன. கல் தளமும் அந்த வெயிலை வாங்கிக்கொண்டு பொழுது சாயும்வரை வெதுவெதுவென்று இருந்தது. அந்தப் பக்கம் வேறு பங்காளியின் அறைகள். பத்தி பொது என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நோன்பு ராத்திரி

திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடும்போது பிள்ளையார் நோன்பு. புது வேட்டியிலிருந்து எடுத்த 21 நூலிழையைத் திரித்து, இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, வீட்டில் மூத்தவர் கொடுக்க, சுடரோடு அப்படியே விழுங்குவார்கள். அன்று பூட்டிக் கிடந்த அறைகள் நாலைந்து திறந்தன. இத்தனை ஆட்கள் சேர்ந்தால் அறை தாங்குமா என்று பார்க்க எனக்கும் அது நல்ல சந்தர்ப்பமாக அமைந்தது.

இழை எடுத்தது வழக்கம்போல் வளவில். அதன்பின் கணப்பு. பத்து மணிக்கு மேல் குழந்தைகள் தாமாகவே அப்பத்தா அறைக்குள் போய்விட்டார்கள். அவர்களுக்கு ஏசி போட்ட மாடி அறை ஒதுக்கியிருந்தது, யாரும் ஏறவில்லை. விடியலில் முற்றத்தில் 21 டிகிரி. அறைக்குள் 26க்குக் கொஞ்சம் மேல். வெப்பமானியை ஆச்சியிடம் காட்டினேன். அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. "கால் குடையலை தம்பி, அது போதும்" என்றார்.

எல்லாம் சரியாக வரவில்லை. விடாமல் தூறிய இரண்டு நாளில் கண்டாங்கித் திரை ஈரம் கோத்து நாற்றமெடுத்தது. அப்படிப்பட்ட நாளில் சாம்பிராணி போட்டு மறைக்கப் பார்ப்பார்கள். திரையைக் கழற்றி அடுப்படிப் பக்கம் உலர்த்துவது ஒன்றே வழி. மாற்றுக்கு இன்னொரு ஜோடி தைக்கச் சொல்லியிருக்கிறேன். மடிப்புத் தட்டியைக் குழந்தைகள் ஒருமுறை சாய்த்துவிட்டார்கள், இப்போது அடியில் கட்டை வைத்திருக்கிறது.

பெரிய குறை குளியலறை. அறையிலிருந்து அங்கே போக வளவைக் கடந்து, இரண்டாம் கட்டைக் கடந்து, கிணற்றடியில் திறந்த வெளியில் நடக்க வேண்டும். இரவு மூன்று மணிக்குக் கதகதப்பான அறையிலிருந்து எழுந்து அந்த வாடையில் நடப்பது முன்பைவிட அதிகமாகவே உறைக்கிறது. கட்டிலருகே வைக்கும் கமோடு நாற்காலியை மகன் வாங்கி வந்தார். ஆச்சி அதைப் பார்த்த பார்வையில் அது பிரிக்காமலேயே மாடிக்குப் போய்விட்டது. வெளியறையின் ஒரு மூலையில் கழிப்பறை கட்டலாம், இடம் இருக்கிறது. ஆனால் கழிவுக் குழாய் பொதுப் பத்திக்கு அடியில்தான் போக வேண்டும், ஆத்தங்குடிக் கல்லை வரிசையாகப் பெயர்க்க வேண்டும், அதற்கு எல்லாப் பங்காளிகளும் சம்மதிக்க வேண்டும். மூன்று பேர் சரி சொல்லிவிட்டார்கள். கோலாலம்பூரில் இருப்பவர் வரைபடம் அனுப்பச் சொல்லியிருக்கிறார், வரைந்துகொண்டிருக்கிறேன். சுண்ணாம்புப் பூச்சோடு சேர்த்துப் பங்குனிக்குள் முடிக்கப் பார்க்கிறோம்.